சுயமுன்னேற்றம் விற்ற குழுவை ஆவணத்தொடராக எடுப்பது எப்படி? நெக்ஸியம் வழக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசிரமத்தைப் படமெடுப்பவருக்குப் பாதி வேலையை ஆசிரமமே செய்து கொடுத்துவிடும். காவி, மாலை, பஜனை, கைகூப்பி நிற்கும் கூட்டம் என்று கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காட்சி இருக்கும். சுயமுன்னேற்றக் குழுவில் அந்த வசதி கிடையாது. ஓட்டல் ஹால், வரிசையாக நாற்காலிகள், வெள்ளைப் பலகை, "உங்களை உண்மையில் தடுப்பது எது?" என்று சிரித்த முகத்தோடு கேட்கும் ஒரு பயிற்சியாளர். இவ்வளவுதான். ஆபத்து என்று எதுவும் ஃப்ரேமில் விழாது. இந்த வகைத் தொடரில் சவால் இங்கேதான் தொடங்குகிறது.

வழிகாட்டி முழுக்க ஒரே வழக்கை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் நெக்ஸியம். 1998-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியை ஒட்டிய பகுதியில் கீத் ரனீரியும் நான்சி சால்ஸ்மனும் தொடங்கியது. 'எக்ஸிக்யூட்டிவ் சக்ஸஸ் புரோகிராம்ஸ்' என்ற பெயரில் ஐந்து நாள், பதினாறு நாள் வகுப்புகள். ரனீரிக்கு 'வேன்கார்ட்', சால்ஸ்மனுக்கு 'ப்ரீஃபெக்ட்' என்று பட்டங்கள். உள்ளுக்குள் 'டாஸ்' என்ற ரகசியப் பெண்கள் வட்டம் இயங்கியதும், அதில் பெண்களின் உடலில் சூடு வைத்து முத்திரை பதித்ததும் 2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தது. 2018 மார்ச்சில் ரனீரி மெக்சிகோவில் பிடிபட்டார். 2019 ஜூன் 19 அன்று புரூக்ளின் ஃபெடரல் நீதிமன்றத்தில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. 2020 அக்டோபர் 27 அன்று 120 ஆண்டுச் சிறை.

இதை வைத்து 2020-ல் எச்.பி.ஓ. 'தி வாவ்' என்ற தொடரையும் ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கச் சேனல் 'செட்யூஸ்ட்' என்ற தொடரையும் வெளியிட்டன. முதலாவது 9 பகுதிகள்; 2022-ல் இரண்டாம் பருவமாக இன்னும் 6. இரண்டாவது மொத்தமே 4 பகுதிகள். ஒரே வழக்கை இரண்டு குழுக்கள் இரண்டு விதமாக எடுத்திருப்பதால், கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள்

கையில் முதலில் வந்து நிற்கும் கேள்வி, "இவ்வளவு படித்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள்?" என்பது. அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பார்ப்பவரை உயரத்தில் உட்காரவைத்து, உள்ளே இருந்தவர்களைக் குனிந்து பார்க்கச் சொல்லும் கேள்வி அது. இரண்டாம் பகுதிக்குள் அலுத்துவிடும்.

அதற்குப் பதில் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஒன்று: அந்த வகுப்பில் அவர்களுக்கு உண்மையாகவே என்ன கிடைத்தது? இரண்டு: செய்தி வெளியே வந்த பிறகும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? 2003 அக்டோபரிலேயே ஃபோர்ப்ஸ் இதழ் ரனீரியை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 2012-ல் ஆல்பனியின் டைம்ஸ் யூனியன் நாளிதழ் ஒரு புலனாய்வுத் தொடரே வெளியிட்டது. ஆனாலும் கைது நடக்க 2018 ஆனது.

எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்து ஆட்கள் பட்டியலே மாறும். முதல் கேள்விக்கு முன்னாள் உறுப்பினர்கள் போதும். இரண்டாவதற்கு நிருபர்கள், வழக்கறிஞர்கள், குழு வழக்குப் போட்டு அலைக்கழித்தவர்கள், புகாரை வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருந்த அதிகாரிகள் எல்லாரும் வேண்டும். செலவும் கூடும். இரண்டையும் எடுக்கலாம், ஆனால் எது முதுகெலும்பு என்று எழுதி வையுங்கள்.

2. ஆட்களைத் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள்

முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு போன் போடுவதற்கு முன்பே உங்களிடம் ஒரு காலவரிசை இருக்க வேண்டும். எக்ஸெல் ஷீட் போதும்: தேதி, நடந்தது, ஆதாரம், இரண்டாவது ஆதாரம், இதை மறுப்பவர் யார். அந்தக் கடைசி நெடுவரிசையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எடிட்டில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

அமெரிக்க ஃபெடரல் வழக்குகளின் ஆவணங்கள் 'பேசர்' என்ற இணையச் சேவையில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். விசாரணைப் பிரதிகளுக்கு மட்டும் இந்த உச்சவரம்பு இல்லை. மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்தால் கட்டணமே வாங்குவதில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். ரனீரி வழக்கின் எண் 18-சிஆர்-204, நீதிபதி நிக்கோலஸ் கராஃபிஸ்.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். ரனீரி ஆர்.பி.ஐ. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று பாடங்களில் பட்டம் பெற்ற மேதை என்று குழு பரப்பி வந்தது. விசாரணையில் அவருடைய மதிப்பெண் பட்டியல் வந்தது: சராசரி 4-க்கு 2.26. பத்து முன்னாள் உறுப்பினர்கள் கேமரா முன்னால் திட்டுவதைவிட அந்த ஒரு எண் அதிகம் பேசும். அதேபோல், நெக்ஸியத்துக்கு முன் அவர் நடத்திய 'கன்ஸ்யூமர்ஸ் பைலைன்' என்ற நிறுவனத்தைப் பல மாநில அரசுகள் விசாரித்து, அது 1990-களில் மூடப்பட்டது. அதுவும் ஆள் மேல் ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரம். அந்தப் பழைய கோப்பைப் படித்தவருக்கு, காசு கட்டியும் ஆள் சேர்த்தும் படிப்படியாக மேலே ஏறவைக்கும் நெக்ஸியத்தின் கட்டண ஏணி புதிதாகத் தெரியாது.

குழு பிறர்மீது போட்ட சிவில் வழக்குகளையும் விடாதீர்கள். வெளியே வாயைத் திறக்காதவர்கள் அங்கே பிரமாணப் பத்திரத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருப்பார்கள்.

3. யாரை எடுப்பது

எல்லாரும் தேடி ஓடுவது கடைசிவரை உள்ளே போய்த் தப்பி வந்தவரை. அவர் வேண்டும்தான். ஆனால் யாரும் கூப்பிடாத ஒருவர் இருக்கிறார்: ஐந்து நாள் வகுப்பை முடித்து, "நல்லாத்தான் இருந்தது, ஆனா ஏதோ சரியில்லை" என்று எழுந்து போய்விட்டவர். அவர் எதைப் பார்த்து எழுந்தார் என்பதைக் கேட்டால், மற்றவர்கள் எதைப் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பது தானாகத் தெளிவாகும். அவரிடம் நாடகம் இல்லாததால் தயாரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். பிடிவாதமாகப் பட்டியலில் வையுங்கள்.

அடுத்து, பாதிக்கப்பட்டவரே ஆள் சேர்த்தவராகவும் இருப்பார். சாரா எட்மண்ட்சன் 2017-ல் முத்திரை பதிக்கப்பட்டவர்; அதை வெளியே கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர். வான்கூவர் மையத்தை நடத்தி ஏராளமானோரை உள்ளே கூட்டி வந்தவரும் அவரே. மார்க் விசென்டே தொழில்முறைப் படைப்பாளி; குழுவுக்குள் உயர்மட்டத்தில் இருந்து, ரனீரியைப் பல மணி நேரம் படம் பிடித்தவர். இவர்களைத் தியாகிகளாக்கினாலும் தவறு, கூட்டாளிகளாக்கினாலும் தவறு. "நீங்கள் சேர்த்த ஒருவர் இதைப் பார்ப்பார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?" என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கும் குழுவுக்கும் முன்தொடர்பு இருந்தால் அதை மறைக்காதீர்கள். 'தி வாவ்' இயக்குநர்களில் ஒருவரான ஜெஹான் நுஜைம் முன்பு அந்த வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டவர். தடையாக இருந்திருக்க வேண்டியது அவருக்குக் கதவைத் திறந்தது. ஆனால் பார்வையாளருக்கு அது முதல் பகுதியிலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

4. கையெழுத்து வாங்குவதும் ரகசியம் காப்பதும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நாம் செய்யப்போகும் வேலையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மனம் உடைந்த ஒருவரை ஓர் அறையில் உட்காரவைக்கிறோம். அவருடைய வாழ்க்கையின் மோசமான நாளைப் பற்றி மணிக்கணக்கில் கேட்கிறோம். அழுதால் 'நல்ல டேக்' என்கிறோம். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அவருடைய ரகசியங்கள் எங்கள் ஹார்ட் டிஸ்க்கில். இதெல்லாம் உலகத்துக்கு நல்லது என்கிறோம். நெக்ஸியம் செய்ததும் ஏறத்தாழ இதே வரிசைதான்.

'டாஸ்' வட்டத்தில் சேர 'கொலாட்டரல்' என்ற பிணை கேட்டார்கள்: அந்தரங்கப் படங்கள், குடும்பத்தாரைப் பற்றிய கேவலமான கடிதங்கள், சொத்துப் பத்திரங்கள். வாயைத் திறந்தால் அது வெளியே போகும். முத்திரை பதிக்கும் சடங்கைப் பற்றி ரனீரி, அந்த வட்டத்தின் மேல்மட்டத்தில் இருந்த நடிகை ஆலிசன் மேக்கிடம் பேசிய ஒலிப்பதிவு ஒன்று விசாரணையில் போட்டுக் காட்டப்பட்டது. முத்திரை வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்பதுபோல இருக்க வேண்டும், கட்டாயப்படுத்தியதாகத் தோன்றக்கூடாது என்பது அதன் சாரம். சம்மதத்தையே நாடகமாக்கிக் கேமராவில் பதிந்து வைத்தவர்கள் அவர்கள். அங்கிருந்து வந்த ஒருவர் உங்கள் ரிலீஸ் ஃபார்மை, அதாவது படத்தில் பயன்படுத்தச் சம்மதிக்கும் படிவத்தைப் பார்க்கும்போது கை நடுங்கினால் ஆச்சரியமில்லை.

அதனால் தயாரிப்பு முறையையே மாற்றியமையுங்கள். படிவத்தை ஷூட்டிங் அன்று நீட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னால் அனுப்பி, அவருடைய சொந்த வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவை பட்ஜெட்டில் போடுங்கள். தன் கதையை வேறெங்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையை எந்தத் தளம் கேட்டாலும் ஏற்காதீர்கள். வாய்ப்பூட்டிலிருந்து வெளியே வந்தவருக்கு இன்னொரு வாய்ப்பூட்டு வேண்டாம். தான் வரும் பகுதிகளைப் பாதுகாப்புக்காகவும் தகவல் பிழைக்காகவும் ஒருமுறை பார்க்க அனுமதிக்கலாம், எடிட்டிங் முடிவு உங்களுடையதே என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். பேட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். பயணச் செலவும் அன்றைய சம்பள இழப்பும் வேறு விஷயம்.

பிணைப் பொருள் எதையும் வாங்காதீர்கள். "ஆதாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று பாதிக்கப்பட்டவரே அனுப்பினாலும் வேண்டாம். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை வழக்கறிஞர் இல்லாமல் திறக்கவே கூடாது. ரனீரி வழக்கில் பறிமுதலான டிஸ்க் ஒன்றில் 15 வயதுச் சிறுமியின் படங்கள் இருந்தன. அத்தகைய படம் உங்கள் கையில் இருப்பதே குற்றம், நோக்கம் எதுவானாலும்.

முன்னாள் உறுப்பினர்கள் பெரும்பாலும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களாக இருப்பார்கள். அதையும் உங்கள் வழக்கறிஞர் படிக்கட்டும். பயப்படும் முன் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நெக்ஸியத்தின் பாடக் கையேட்டிலிருந்து சில பகுதிகளை மேற்கோள் காட்டி விமர்சித்த ரிக் ராஸ் என்பவர்மீது குழு வழக்குப் போட்டது. கையேடு ஒப்பந்தத்தை மீறி வெளியே வந்ததாக இருந்தபோதும், விமர்சனத்துக்காக எடுத்தாள்வது நியாயமான பயன்பாடு என்ற பக்கமே 2004-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. தடையுத்தரவு கிடைக்கவில்லை.

தொலைபேசி ஒலிப்பதிவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியாவில் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். இதே வகைத் தொடரை இந்தியாவில் எடுப்பவர்கள், அவதூறு இங்கே கிரிமினல் குற்றமும்கூட என்பதை மறக்க வேண்டாம்: பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 72-வது பிரிவு தனியாக இருக்கிறது.

5. பேட்டி

"ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அவர் தன்னைத்தானே ஆயிரம் முறை கேட்டு, ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அந்தப் பதில் உங்களுக்கு வேண்டாம். பதிலாக, சின்னச் சின்ன காரியங்களைக் கேளுங்கள். எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்? பணத்தை கார்டில் கட்டினீர்களா, எத்தனை தவணை? அன்று ராத்திரி வீட்டில் யாரிடம் முதலில் சொன்னீர்கள்?

பொருளைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. நெக்ஸியத்தில் எல்லாரும் கழுத்தில் ஒரு பட்டைத்துணி அணிந்தார்கள். மாணவருக்கு வெள்ளை, பயிற்றுநருக்கு மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு, பச்சை என்று ஏறும். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் கோடுகள். பழைய துணி ஒருவரிடம் இருந்தால், மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கோட்டுக்கு என்ன செய்தார், எத்தனை பேரைச் சேர்த்தார், கோடு கிடைத்த அன்று யார் யார் கைதட்டினார்கள் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேமரா முகத்தில் வேண்டாம், விரலில் இருக்கட்டும். "அது ஒரு மனக்கட்டுப்பாட்டு அமைப்பு" என்று நிபுணர் ஒரு மணி நேரம் பேசுவதை அந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள். பதினாறு நாள், காலை முதல் இரவு வரை உட்காரவைத்துத்தான் அங்கே மனதைக் கரைத்தார்கள். கதவு அவர் பார்வையில் இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். யூனிட்டில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

6. ஃபுட்டேஜ்

இந்தக் குழுக்களுக்குத் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வதில் அபார ஆசை. தலைவர் வாய் திறந்தாலே பதிவு. அது உங்களுக்குப் புதையல், கூடவே தலைவலி. டேப் யார் கையில் இருக்கிறது என்பதும் உரிமை யாருடையது என்பதும் வேறு வேறு. குழுவின் சம்பளத்தில் எடுத்ததா, உறுப்பினர் தன் கேமராவில் எடுத்ததா, ஒப்பந்தம் இருந்ததா என்று ஒவ்வொரு க்ளிப்புக்கும் தனிப் பதிவு வையுங்கள். அது இல்லாமல் எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் காப்பீடு, அதாவது அவதூறு, உரிமை மீறல் போன்ற வழக்குகளுக்கான காப்பீடு கிடைக்காது. அந்தக் காப்பீடு இல்லாமல் எந்த ஓ.டி.டி.யும் வாங்காது.

பொதுவெளிக் காட்சிகளில் கௌரவம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தேடுங்கள். 2009 மே மாதம் தலாய் லாமா ஆல்பனி வந்தார். மேடையில் ரனீரிக்கு வெள்ளைப் பொன்னாடை அணிவித்தார். பின்னால், குழுவில் இருந்த, சீக்ராம் மதுபானக் குடும்பத்தின் வாரிசுகளான பிரான்ஃப்மன் சகோதரிகளின் பணம் இருந்தது. அந்தக் காட்சியைக் கேலிக் குரல் இல்லாமல் முழுதாக ஓடவிடுங்கள். அப்போது உள்ளே இருந்த ஒருவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது புரியும்.

ஃபெடரல் கிரிமினல் விசாரணையில் கேமரா கிடையாது. ஆக, நீதிமன்ற ஓவியர்களின் படங்கள், விசாரணைப் பிரதி, வாசல்படியில் எடுத்தது, இவ்வளவே கைவசம். மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடைபட்டிருந்ததைச் சாட்சிக் கூண்டில் சொன்னார். அதை நடிகையை வைத்து மறுநடிப்பாக எடுக்கலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். பிரதியின் பக்கமே போதும். முத்திரை பதிப்பதை மறுநடிப்பாக எடுப்பது இன்னும் மோசம். அந்தச் சடங்கை இரண்டாம் முறை அரங்கேற்றுவதாகிவிடும்.

7. பகுதிகளாகப் பிரிப்பது

முதல் பகுதி முடியும்போது, "இந்த வகுப்பு இப்போது நடக்கிறதா? என்ன ஃபீஸ்?" என்று பார்வையாளர் ஒரு கணமாவது நினைக்க வேண்டும். நினைக்காவிட்டால் மீதித் தொடர் வெறும் குற்றச்செய்தி. முத்திரை, கைது, திகில் இசை எதையும் முதல் பத்து நிமிடத்தில் காட்டாதீர்கள். தளத்துக்காரர்கள் கேட்பார்கள்; டிரெய்லரில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

'தி வாவ்' நம்மை உறுப்பினர்களோடு இருட்டில் நடக்கவைக்கிறது. 'செட்யூஸ்ட்' நிபுணர்களைக் கூட்டிவந்து சுவிட்சைப் போட்டுவிடுகிறது. முதலாவது உள்ளே இழுக்கும். ஆனால் 9 மணி நேரம் அதிகம், என் கணக்கில் 6 போதும். இரண்டாவது தெளிவு, ஆனால் மயக்கம் என்ன என்பது தெரியாமலே தெளிந்துவிடுகிறோம். நான் பிரித்தால், முதல் இரண்டு பகுதிகளில் நிபுணர் வாயே திறக்கமாட்டார். மூன்றாவதில் கட்டண ஏணியும் நிறப்பட்டைகளும் சந்தேகமாக மாறும். அதன்பின் ரகசிய வட்டம், வெளியேற்றம். நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு பகுதி. கடைசிப் பகுதி, 2003 முதல் கத்தியும் யாரும் கேட்காதவர்களுக்கு.

8. சரிபார்ப்பும் மறுதரப்பும்

ஒவ்வொருவரின் சட்ட நிலையையும் தனித்தனியாக எழுதுங்கள். கிளேர் பிரான்ஃப்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 81 மாதச் சிறை பெற்றார். அவருடைய சகோதரி சாரா மீது கிரிமினல் வழக்கே இல்லை. "பிரான்ஃப்மன் சகோதரிகள் தண்டிக்கப்பட்டனர்" என்று வர்ணனையில் ஒரு வரி போனால் வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கும். மேக்குக்கு 3 ஆண்டு, நான்சி சால்ஸ்மனுக்கு 42 மாதம். 'கல்ட்' என்ற சொல்லை வர்ணனையாளர் வாயில் போடாமல் பேசுபவர் வாயிலேயே விடுங்கள். வர்ணனைக்கு நீதிமன்றம் சொன்ன குற்றப்பெயர்கள் போதும்.

பெயர் வரும் ஒவ்வொருவருக்கும் குறிப்பான கேள்விகளோடு கடிதம் போகட்டும். பதில் எழுத நியாயமான அவகாசம் கொடுங்கள். விசுவாசிகளையும் எடுங்கள். 'தி வாவ்' இரண்டாம் பருவத்தில் நான்சி சால்ஸ்மனும், ரனீரியின் வழக்கறிஞர் மார்க் அக்னிஃபிலோவும் பேசுகிறார்கள். முதல் பருவத்தைவிட அது கனமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

9. வெளியீட்டுக்கு முன்னும் பின்னும்

ஒளிபரப்புத் தேதி முடிவானதும் ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் செய்யுங்கள். எந்தப் பகுதியில், எந்த நிமிடத்தில் வருகிறார் என்று சொல்லுங்கள். முதல் மாதம் சமூக ஊடகத்தில் அவர்களைக் கிழிப்பார்கள். மனநல ஆலோசகருக்கான தொகையைத் தொடக்கத்திலேயே தனி வரியாகப் போட்டிருக்க வேண்டும். கடைசியில் கேட்டால் எந்தத் தயாரிப்பாளரும் தரமாட்டார்.

பிறகு ரஷ்ஷஸ். படத்தில் வராத நூற்றுக்கணக்கான மணி நேரம் உங்களிடம் இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதைக் கேட்டு நீதிமன்றம் போகலாம். ஈக்வடார் எண்ணெய் மாசு பற்றி ஆவணப்படம் எடுத்த ஜோ பெர்லிஞ்சரிடம் செவ்ரான் நிறுவனம் அப்படிக் கேட்டது. நிருபர்களுக்குரிய பாதுகாப்பை அவர் கோரினார். வாதிகளின் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கிய படம், எடிட்டிங்கில் சுதந்திரமாக இயங்கியதாக நிறுவப்படவில்லை என்று சொல்லி 2011-ல் இரண்டாம் வட்டார நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை மறுத்தது. ஃபுட்டேஜைக் கொடுக்க வேண்டிவந்தது. எனவே முன்னாள் உறுப்பினர்களின் வழக்கறிஞரிடமிருந்து பணமோ, காட்சித் திருத்தமோ, வாட்ஸ்ஆப் யோசனையோ எதையும் ஏற்காதீர்கள். எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது, எதை அழிப்பது என்ற முடிவையும் முதல் ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். சம்மன் வந்தபிறகு அழித்தால் அதற்குத் தனி வழக்கு.